ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகும்?
(கருவேப்பிலங்குறிச்சியில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டாத குடும்பம் இந்தப் பக்கத்தில் குறைவு. பேர், ஊர், குறை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சாமி முன்னால் வைத்து, பிறகு முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருகிறோம். காரியம் நடந்ததும் மறக்காமல் போய் வாபஸ் வாங்குகிறோம். ஆக, முருகன் கச்சேரியில் மனுவுக்கு ஒரு தொடக்கம் இருக்கிறது, ஒரு முடிவும் இருக்கிறது. அதே முருகனைச் சப்பரத்தில் ஏற்றித் தெருவில் கொண்டுபோக வேண்டும் என்று காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் என்ன ஆகிறது? தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களில் கதை ஒன்றுதான். "வெச்சுட்டுப் போங்க, பார்க்கலாம்" என்பார்கள். ரசீது கேட்டால் முறைப்பார்கள். காப்புக் கட்டி, பந்தல் போட்டு, மேளத்துக்கு முன்பணமும் கொடுத்த பிறகு, முந்தின நாள் ராத்திரி வரைக்கும் சரி என்றும் பதில் வராது, முடியாது என்றும் வராது.

இந்தப் பேச்சுக்கு என்னை அழைத்த திருவிழாக் கமிட்டித் தம்பிகள் கேட்டது நேரான கேள்வி: "ஊர்வலம் போக யார் அனுமதி தரணும்? பஞ்சாயத்தா, போலீஸா?" பதிலை இரண்டு வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகும், எந்தத் தெருவுக்குள் போகாது? நான் பேச வந்தது அதைப் பற்றித்தான். முதல் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அங்கே போக முடியாது என்பதால் சட்டத்தில் தொடங்குகிறேன்.

நம் மாவட்டத்தில் ஊர்வலத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1861இல் பிறந்தது. 1857 கலகம் வெடித்து நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. நாலு பேர் சேர்ந்து தெருவில் நடந்தாலே வெள்ளைக்காரனுக்கு வயிற்றைக் கலக்கிய காலம். அந்தக் காவல் சட்டத்தின் 30ஆம் பிரிவை வைத்துத்தான் இன்றைக்கும் "30(2) அமலில் இருக்கிறது" என்று செய்தித்தாளில் வருகிறது. சென்னை நகரத்துக்கு மட்டும் 1888ஆம் வருஷத்துச் சட்டம் தனியாக இருக்கிறது. அதில் 41ஆம் பிரிவு; ஐந்து நாள் முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். அதை விட்டுவிடுவோம். நமக்கு 30தான்.

அந்தப் பிரிவைப் பயந்தவர்கள் நிறைய, படித்தவர்கள் குறைவு. ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். முதல் உட்பிரிவு, பொதுச்சாலையில் போகிற ஊர்வலம் எந்த வழியாக, எந்த நேரத்தில் போக வேண்டும் என்று ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் காவல் அதிகாரிகளுக்குக் கொடுக்கிறது. இரண்டாவது உட்பிரிவுதான் அடிக்கடி காதில் விழுகிற 30(2). ஒரு ஊர்வலத்தைக் கட்டுப்பாடில்லாமல் விட்டால் அமைதி கெடும் என்று மாஜிஸ்திரேட் கருதினால், உரிமம் கேட்டு மனுப் போடும்படி அறிவிப்புக் கொடுக்கலாம். மூன்றாவது உட்பிரிவு, மனு வந்தால் நிபந்தனைகளோடு உரிமம் கொடுக்கச் சொல்கிறது. அதோடு, இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று பச்சையாகச் சொல்லியிருக்கிறது. தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ளலாம். நான்காவது, திருவிழா நாட்களில் தெருவில் மேளதாளம் எவ்வளவு என்பதை ஒழுங்குபடுத்துவது. மீறினால் 32ஆம் பிரிவின்படி 200 ரூபாய் வரை அபராதம். 1861இல் 200 ரூபாய் என்பது ஒரு குடும்பத்தைச் சாய்க்கிற தொகை. இன்றைக்கு அதைவிட அதிகமாக ஒரு வெடிச்சரத்துக்குச் செலவழிக்கிறோம்.

கவனித்தீர்களா, இந்த நான்கிலும் ஊர்வலத்தை அடியோடு தடுக்கிற அதிகாரம் இல்லை. தடுப்பதற்கு வேறு சட்டம் வேண்டும். அதுதான் பழைய 144. 2024 ஜூலை 1 முதல் அதற்கு எண் 163, சட்டத்தின் பெயர் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அந்த உத்தரவு இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது. மாநில அரசு நினைத்தால் இன்னும் ஆறு மாதம் வரை நீட்டலாம். எதற்காக என்று காரணம் எழுத வேண்டும். காரணம் எழுத வேண்டியிருப்பதால்தான் பல இடங்களில் அதைப் போடாமல், 30(2)ஐக் காட்டி மனுவை ஊறப்போட்டே காரியத்தை முடித்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். மறுத்தால் நீதிமன்றத்துக்குப் போவார்கள். பதிலே சொல்லாவிட்டால் எதை எடுத்துக்கொண்டு போவார்கள்?

அரசியல் சட்டம் வந்த பிறகு ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடுவது 19ஆம் பிரிவின்படி அடிப்படை உரிமை. 1972இல் ஹிமத்லால் ஷா என்பவர் அகமதாபாத் காவல் ஆணையர் மீது போட்ட வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கியது. தெருவில் கூடுவதை அரசு ஒழுங்குபடுத்தலாம். ஆனால் எந்த அளவுகோலும் சொல்லாமல், அதிகாரி மனம் போனபடி கொடுக்கவும் மறுக்கவும் இடம் தருகிற விதி செல்லாது என்று அந்த விதியையே அடித்துப்போட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த அளவுகோலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அளவுகோல் இல்லாததால் என்ன நடக்கிறது என்பதற்கு 2022ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி ஆர்.எஸ்.எஸ். அணிவகுப்புக்கும் அனுமதி இல்லை, விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிகளும் அறிவித்த மனிதச் சங்கிலிக்கும் அனுமதி இல்லை. மனிதச் சங்கிலி அக்டோபர் 11இல் நடந்தது. அணிவகுப்பு விவகாரம் உயர் நீதிமன்றத்தில் ஏறி இறங்கியது. நவம்பர் 6ஆம் தேதி கடலூர், கள்ளக்குறிச்சி, பெரம்பலூர் ஆகிய மூன்று ஊர்களில் மட்டும் நடந்தது. கடைசியில் 2023 ஏப்ரல் 11இல் தமிழ்நாடு அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்த பிறகுதான் மாநிலம் முழுக்க நடந்தது. இதில் எந்தப் பக்கம் எனக்குப் பிடிக்கும் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அது இங்கே பேச்சில்லை. ஊர்வல அனுமதிக்கு டெல்லி வரை போக ஒரு பெரிய இயக்கத்தால் முடியும். கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு செடல் உற்சவக் கமிட்டி டெல்லிக்குப் போகுமா?

இனிப் பாதைக்கு வருகிறேன்.

நம் சென்னை மாகாணத்தில் ஊர்வலப் பாதை பற்றிய சண்டை மிகப் பழையது. 1882இல் சேலத்தில் மசூதி முன்பாக மேளத்தோடு ஊர்வலம் போவது பற்றிய தகராறு பெரும் கலவரமாகி, மசூதி இடிக்கப்பட்டு, உயிர்கள் போயின. கலவரத்தைத் தூண்டினார் என்று அப்போது சேலம் நகராட்சி உறுப்பினராக இருந்த சி. விஜயராகவாச்சாரியார் மீது வழக்குப் போட்டு, பத்து வருஷம் தண்டனை கொடுத்தார்கள். உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. நகராட்சிப் பதவியைப் பறித்தார்கள். அதற்கும் வழக்குப் போட்டு ஜெயித்தார். பின்னால் 1920இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர் இவர்தான். சேலம் தகராறிலிருந்து கிளம்பிய இன்னொரு வழக்கில் 1883இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது இன்றைக்கும் கெட்டுப்போகாத சட்டம். பொதுத்தெருவில் ஊர்வலம் போவது எல்லாருக்கும் உள்ள உரிமை. எதிர்க்கிறவன் கலகம் செய்வான் என்பதற்காக, உரிமை உள்ளவனைத் தடுப்பது அதிகாரியின் முதல் வேலை ஆகாது. அவனுக்குப் பாதுகாப்புக் கொடுப்பதுதான் வேலை. உயிருக்கே ஆபத்து என்கிற அவசர நேரத்தில் மட்டும் தற்காலிகமாக நிறுத்தலாம். 1924இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் ஷியா முஸ்லிம்களின் மொகரம் ஊர்வல வழக்கில் இதே வழியில் தீர்ப்புச் சொன்னது.

2021இல் பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூர் வழக்கு. கோயில் ஊர்வலம் சில தெருக்களின் வழியே போகக் கூடாது, அங்கே முஸ்லிம்கள் அதிகம் என்று எதிர்ப்பு. ஒரு பகுதியில் ஒரு மதத்தார் அதிகம் இருப்பதாலேயே மற்ற மதத்தாரின் ஊர்வலத்தைத் தடுக்க முடியாது, தெரு மதச்சார்புள்ள சொத்து அல்ல என்கிற கருத்தில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைப் பலபேர் பாராட்டிப் பேசினார்கள். நானும் பாராட்டுகிறேன். ஆனால் அதைப் பாராட்டுகிற வாய், "முஸ்லிம்கள் அதிகம்" என்கிற இடத்தில் "ஊர்த்தெரு" என்று போட்டு, "கோயில் ஊர்வலம்" என்கிற இடத்தில் "காலனிக்காரர்கள் தேர்" என்று போட்டு, அதே தீர்ப்பை இன்னொரு தடவை உரக்கப் படிக்குமா?

கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது, தெரிகிறது. ஆனால் கூட்டம் போட்டது இதைப் பேசத்தானே.

சங்கராபுரம் பக்கத்தில் சேஷசமுத்திரம். அப்போது விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி. தலித் மக்கள் தங்கள் மாரியம்மன் கோயிலுக்குத் தேர் செய்து பொதுச்சாலையில் இழுக்க வேண்டும் என்று கேட்டார்கள். பேச்சுவார்த்தைக்குப் பின் பேச்சுவார்த்தை. 2015 ஆகஸ்ட் 15, சுதந்திர தினத்தன்று ராத்திரி, தேரைக் கொளுத்தினார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள், காவலுக்கு நின்ற போலீசார் மீதும் தாக்குதல் நடந்தது. அடுத்த ஐந்து மாதத்தில், 2016 ஜனவரியில், மயிலாடுதுறைப் பக்கம் திருநாள்கொண்டச்சேரி. நூறு வயது தலித் முதியவர் ஒருவர் இறந்துபோனார். பிணத்தைப் பொதுப்பாதை வழியே கொண்டுபோகலாம் என்று உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டது. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் காத்திருக்க, காவல்துறையே உடலை வேறு பாதையில் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தது. சாவு ஊர்வலமும் ஊர்வலம்தான். அதிலும் பாதைதான் வழக்கு.

இந்த இரண்டு ஊரிலும் எதிர்த்தவர்கள் சொன்ன வாதம் என்ன? "இது வழக்கமில்லை." இதை ஒரு சாதிக்காரர் சொன்னால் சாதி வெறி என்கிறோம். இதையே ஓர் அனுமதிக் கடிதத்தில் நிபந்தனையாக அச்சடித்தால்? "வழக்கமான பாதையில் மட்டுமே ஊர்வலம் செல்ல வேண்டும். புதிய பாதைக்கு அனுமதி இல்லை." அனுமதிக் கடிதம் வாங்கிய கமிட்டிக்காரர்கள் வீட்டுக்குப் போய் எடுத்துப் பாருங்கள், இந்த வரி இருக்கும். விநாயகர் சதுர்த்தி வந்தால் இதையேதான் பத்திரிகையில் அறிவிக்கிறார்கள். போன வருஷம் வைத்த இடம், போன வருஷம் போன வழி. அதிகாரி பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. பழைய பாதை என்றால் எங்கே கூட்டம் நெரியும், எங்கே தகராறு வரும் என்று அவருக்கு மனப்பாடம். பத்துப் போலீசை வைத்துச் சமாளித்துவிடலாம். புது வழி என்றால் தூக்கம் போச்சு. சட்டம் ஒழுங்கு என்கிற பார்வையில் இதைவிடச் சௌகரியமான நிபந்தனை கிடையாது.

ஆனால் வழக்கமான பாதையைப் போட்டது யார்? 1861க்கும் முன்னால், யார் எந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கலாம் என்று சாதி தீர்மானித்த காலத்தில் வகுத்த பாதை அது. தேர் எந்த மூலையில் திரும்பியதோ அந்த மூலைக்கு அந்தப் பக்கம் சேரி. இன்றைக்கும் பல ஊரில் தேர் அந்த மூலையில்தான் திரும்புகிறது. அம்மன் வீதியுலா வருகிறாள், வீட்டு வாசலில் நிறுத்தித் தேங்காய் உடைத்துத் தீபாராதனை காட்டுகிறோம். சில தெரு வாசல்களுக்கு அவள் பிறந்த நாள் முதல் வந்ததேயில்லை. 1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. அனுமதிக் கடிதத்தில் ஒரு வரி அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. எழுதியவருக்கு அந்த எண்ணமே இருந்திருக்காது என்பதுதான் இதில் கெட்ட விஷயம். எண்ணமிருந்தால் சண்டை போடலாம். நிபந்தனை எண் 4ஓடு எப்படிச் சண்டை போடுவது?

வழக்கம் என்றாலே கெட்டது என்று நான் சொல்லவில்லை. நம் பக்கத்து ஊர் ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் மாசி மகத் தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக் கடற்கரை வரை போகிறார். வழியில் கிள்ளைத் தைக்காலில் முஸ்லிம்கள் சீர் கொண்டுவந்து வரவேற்கிறார்கள். கோயில் பிரசாதமும் மாலையும் தர்காவுக்குப் போகின்றன. தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அதுவும் வழக்கமான பாதைதான். பெருமாள் போகிற வழியில் தர்கா இருக்கிறது என்பதால் யாரும் பாதையை மாற்றச் சொல்லவில்லை. இருக்கிறது என்பதாலேயே அங்கே நிற்கிறார். வழக்கத்தில் இதுவும் உண்டு, சேரியைச் சுற்றிக்கொண்டு போவதும் உண்டு. நிபந்தனை எழுதுகிற பேனாவுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதில்தான் தகராறு.

சரி, பாதையைத் திறந்துவிட்டால் போதுமா? ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அங்கேதான் விதி கறாராக இருக்க வேண்டும், அங்கேதான் அது தளர்ந்துகிடக்கிறது.

2022 ஏப்ரல் 27. தஞ்சாவூர் பக்கம் களிமேடு. அப்பர் சதய விழா. விடியற்காலை மூன்று மணி வாக்கில் ஒரு திருப்பத்தில் சப்பரம் திரும்பும்போது, உச்சி உயரழுத்த மின்கம்பியில் பட்டது. 11 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. சாலை போட்டுப் போட்டுத் தரை உயர்ந்துவிட்டது என்று அப்போது பேசப்பட்டது. நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு எளிதாகப் புரியும். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அகல் விளக்கும் பொம்மையும் மட்டுமா செய்கிறோம், ஃபியூஸ் கேரியரும் மின்கம்பத்துப் பீங்கான் கிண்ணமும் செய்த கை இந்தக் கூட்டத்தில் இருக்கிறது. 11,000 வோல்ட் கம்பி தெருவின் குறுக்கே போனால் தரையிலிருந்து குறைந்தது 6.1 மீட்டர் இருக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக உள்ள மின்விதி. தெருவை ஒட்டிப் போனால் 5.8 மீட்டர். சுமாராக இருபது அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே இரண்டு தடவை தார் போட்டால் அந்த உயரத்தில் கொஞ்சம் போய்விடும். வெயிலில் கம்பி தொய்ந்தால் இன்னும் போகும். நாமோ பக்கத்து ஊர்ச் சப்பரத்தைவிட நம்முடையது உயரமாக இருக்க வேண்டும் என்று வருஷத்துக்கு ஒரு தட்டு ஏற்றுகிறோம். கம்பி கீழே வருகிறது, கலசம் மேலே போகிறது. எங்கோ ஒரு திருப்பத்தில் இரண்டும் சந்திக்கும்.

இதைத் தடுக்கப் பெரிய ஞானம் எதுவும் வேண்டாம். சாமி புறப்படுவதற்கு முன்னால் ஒரு மூங்கிலை எடுத்துக்கொண்டு பாதை முழுக்க ஒருவர் நடக்க வேண்டும். மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, அந்தப் பிரிவு லைன்மேனை வரவழைத்து, தேர் தாண்டுகிற நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தி வைக்க வேண்டும். வாயால் சொல்லி நிறுத்தினால் போதாது; யார் நிறுத்தினார், யார் திரும்பப் போடச் சொன்னார் என்று பதிவு வேண்டும்.

விநாயகர் ஊர்வலத்துக்கு மட்டும் இதெல்லாம் எழுத்தில் வந்துவிட்டது. 2018 ஆகஸ்டில் பொதுத்துறை போட்ட அரசாணை அது. சார் ஆட்சியரிடமோ வருவாய்க் கோட்டாட்சியரிடமோ மனு. நிலம் யாருடையதோ, உள்ளாட்சியோ நெடுஞ்சாலையோ, அவர்களின் தடையின்மைச் சான்று. தீயணைப்புத் துறை, மின்வாரியம், காவல்துறை என்று ஒவ்வொருவர் கடிதமும் சேர்த்து ஓரிடத்தில் முடிவு. சிலை பீடத்தோடு பத்து அடிக்கு மேல் கூடாது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூடாது. மினி லாரி, டிராக்டரில் போகலாம், மாட்டு வண்டியிலும் மூன்று சக்கர வண்டியிலும் கூடாது. அந்த அரசாணையை எதிர்த்துப் பலர் கோபப்பட்டார்கள். கோபத்தில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. ஆனாலும் எத்தனை அடி, எந்த வண்டி, யாரிடம் கடிதம் என்று முன்கூட்டியே தெரிவது ஒரு பெரிய விடுதலை. பத்து அடி என்பது எஸ்.ஐ.யின் முகத்தைப் பார்த்து மாறாது. அதே மாதிரி ஓர் ஒழுங்கு அம்மன் தேருக்கும், மே தின ஊர்வலத்துக்கும், கட்சிக்காரர் பிரச்சாரத்துக்கும் அப்போதே ஏன் வரவில்லை?

கட்சிக்காரர் என்றதும் கரூர் நினைவுக்கு வந்திருக்கும். 2025 செப்டம்பர் 27ஆம் தேதி த.வெ.க. பிரச்சாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் செத்தார்கள். வழக்கு சி.பி.ஐ. வரை போனது, யார் மேல் தப்பு என்பதை விசாரணை சொல்லட்டும், நான் சொல்ல மாட்டேன். நான் பார்ப்பது வேறு. சாவு நடந்த பிறகுதான் நீதிமன்றத்தில் நிலையான வழிகாட்டு நெறிமுறை பற்றிய பேச்சு சூடு பிடித்தது. ஒரு தெருவின் அகலத்துக்கு எத்தனை பேர் நிற்கலாம், தலைவர் பிந்தி வந்தால் கூட்டத்துக்குத் தண்ணீர் யார் கொடுப்பது, ஆம்புலன்ஸ் எந்தச் சந்து வழியாக வெளியேறும் என்று 1861ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஒரு வார்த்தை இல்லை. அந்தச் சட்டத்துக்குக் கலகம் மட்டும்தான் பயம், கூட்டத்தின் உயிர் அதன் கவலையே இல்லை.

ஒலிபெருக்கி பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதியில் ராத்திரி பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை கூடாது. குடியிருப்பில் பகலில் 55 டெசிபல். நாம் வைக்கிற பாக்ஸ் அந்த எண்ணை முதல் பாட்டிலேயே தாண்டிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும், அளக்கிற கருவி யாரிடமும் இல்லை என்பதும் தெரியும்.

தமிழர்கள் போன இடத்துக்கெல்லாம் ஊர்வலமும் போயிருக்கிறது. சிங்கப்பூரில் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை காவடி நடக்கிறது. 1973 முதல் வழியில் வாத்தியம் கூடாது என்று தடை. நாற்பது வருஷத்துக்கு மேல் நம்மாட்கள் கேட்டுக் கேட்டு, 2016இலிருந்து பாதையில் குறிப்பிட்ட சில இடங்களில் வாசிக்க விட்டார்கள். கெடுபிடியான ஊர்தான். ஆனாலும் எங்கே வாசிக்கலாம், எங்கே கூடாது என்பது காவடி எடுக்கிறவனுக்கு முன்னாலேயே தெரிகிறது. வட அயர்லாந்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே கத்தோலிக்கர் தெருவில் புராட்டஸ்டண்ட் அணிவகுப்பு போவதில் வருஷா வருஷம் ரத்தம். 1998இல் சட்டம் போட்டு, முடிவெடுக்கும் வேலையைப் போலீசிடமிருந்து பிரித்து ஊர்வல ஆணையம் என்று தனி அமைப்பிடம் கொடுத்தார்கள். 28 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். ஆணையம் பாதையைத் தீர்மானிக்கும். போலீஸ் அதை நடத்திக் கொடுக்கும். முடிவெடுக்கிறவரும் தடியோடு நிற்கிறவரும் ஒருவராக இருந்தால், தடிக்கு எது சௌகரியமோ அதுதான் முடிவாகும் என்று அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

நமக்கு ஆணையம் வேண்டாம். நமக்குப் பஞ்சாயத்து இருக்கிறது. தம்பிகள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். 1994ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊருக்குள் இருக்கிற பொதுத்தெரு கிராம ஊராட்சியின் பொறுப்பு. போடுவது, விளக்குப் போடுவது, ஆக்கிரமிப்பை அகற்றுவது எல்லாம் அதன் வேலை. ஜெயங்கொண்டம் போகிற மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறைக்கு. மேலே போகிற கம்பி மின்வாரியத்துக்கு. ஊர்வலம் போகலாமா என்று சொல்கிறவர் போலீஸ். தெருவின் சொந்தக்காரனிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த நிலையில் நம் மாவட்டத்துக் கிராம ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. கேட்க நினைத்தாலும் கேட்பதற்குத் தலைவர் நாற்காலியில் ஆள் இல்லை என்கிற நிலைமை வந்தது.

ஆனாலும் கிராமசபை இருக்கிறது. தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஆறு நாள் கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிராமசபைத் தீர்மானம் டி.எஸ்.பி.யைக் கட்டுப்படுத்தாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் "வழக்கமான பாதை" என்று ஒரு வரியை அவர் எழுதும்போது, ஊர் கூடி எழுதிய வேறொரு பாதை பதிவேட்டில் இருந்தால், அதை ஏன் ஏற்கவில்லை என்று அவர் காரணம் எழுதியாக வேண்டும். காரணம் எழுத்தில் வந்தால் ஹிமத்லால் ஷா தீர்ப்பு நமக்கு வேலை செய்யும்.

அதனால் ஒரு தீர்மான வரைவைத் தயார் செய்து கொண்டுவந்திருக்கிறேன். ஊராட்சிக்கு உட்பட்ட எல்லாத் தெருக்களின் பெயரையும், காலனித் தெருக்கள் உட்பட, அகலத்தோடும் குறுக்கே போகிற மின்கம்பியின் உயரத்தோடும் ஒரு பலகையில் எழுதி ஊராட்சி அலுவலக வாசலில் மாட்டுவது. எந்த ஊர்வலமும் அந்தப் பலகையில் உள்ள எந்தத் தெரு வழியாகவும் போகலாம் என்றும், அகலமும் கம்பியும் இடம் கொடுக்காத தெருவுக்கு மட்டும் விலக்கு என்றும் பதிவது. மனு கொடுத்த அன்றே ரசீது, ஏழு நாளில் எழுத்துப்பூர்வமான பதில் என்று காவல்துறையைக் கேட்டுக்கொள்வது. அம்மன் வீதியுலாவின் அடுத்த வருஷப் பாதையைக் கமிட்டி வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாமல் கிராமசபையில் வைத்து முடிவு செய்வது. கடைசியாக எழுதியிருக்கிற இதற்குத்தான் எதிர்ப்பு வரும். முன்வரிசையில் இரண்டு பேர் இப்போதே என்னைப் பார்க்கிற பார்வையில் அது தெரிகிறது.

வரைவு மேசை மேல் இருக்கிறது. கிராமசபையில் வைக்க விரும்புகிறவர்கள் கையெழுத்துப் போடலாம். போட விரும்பாதவர்கள் என்ன காரணம் என்று இங்கேயே சொன்னால், நேரம் இருக்கிறது, பேசுவோம்.